சித்தன்னவாசல்: வெள்ளாற்றுப் படுகையில் ஒரு சிற்றூரின் நிலமும் நீரும்

ஓர் ஊரை எங்கே அமைக்க வேண்டும் என்னும் வினாவுக்கு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் விடை கூறியுள்ளார். ஹிஜ்ரி 779ஆம் ஆண்டில் (கி.பி. 1377) எழுதப்பெற்ற அந்நூலில், ஊர் அமைப்போர் கருத வேண்டியவற்றை அவர் வரிசைப்படுத்துகிறார். முதலாவது தண்ணீர். ஊர் ஓர் ஆற்றின் கரையிலோ, நன்னீர் ஊற்றுகளை அடுத்தோ அமைதல் வேண்டும். அடுத்துக் கால்நடைகளுக்கு மேய்ச்சல் நிலம். பின்னர் எட்டும் தொலைவில் விளைநிலம். அடுப்புக்கும் வீடு கட்டவும் மரம். இவற்றை எண்ணாமல், தம் ஒட்டகங்களுக்கேற்ற மேய்ச்சலை மட்டுமே பார்த்து கூஃபா, பஸ்ரா, கைரவான் ஆகிய நகரங்களைத் தொடக்ககால அரபியர் அமைத்துவிட்டனர் என்று அவர் குறைபட்டுக்கொள்ளவும் செய்கிறார்.

இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது, “உங்கள் ஊரை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்” என்று மாணவர்களிடம் கூறுவது நம் வழக்கம். காவிரிக் கரையிலிருந்து வந்த மாணவர்கள் விரைந்து விடை சொல்லிவிடுவர். புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்களே தடுமாறுவர். ஒருமுறை அவர்களுள் ஒருவர், “ஹஜ்ரத், எங்கள் பக்கம் ஆறு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை” என்றார். வகுப்பு சிரித்தது. நமக்கோ அது சிரிப்பதற்குரிய விடையாகத் தோன்றவில்லை. இப்னு கல்தூன் முதலாவதாக வைத்த நிபந்தனையை நிறைவேற்றாத ஒரு நிலப்பரப்பில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் ஊர் அமைத்து வாழ்ந்து வந்துள்ளனர். அது எவ்வாறு இயன்றது? இவ்வினாவை ஒரு சிற்றூரைக் கொண்டு ஆராய்வது பயனுடையது என எண்ணிச் சித்தன்னவாசலைத் தேர்ந்துகொண்டோம். ஓவியத்திற்காக அதன் பெயரை அறியாதார் இலர். அதன் நிலத்தை அறிந்தவர் சிலரே.

முதலில் அந்த மாணவர் சொன்ன ஆற்றைப் பார்ப்போம். வெள்ளாறு என்னும் பெயரில் தமிழகத்தில் இரண்டு ஆறுகள் உள்ளன. பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலப்பது ஒன்று. அது நம் ஆறன்று. நாம் கூறுவது தெற்கு வெள்ளாறு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்புறக் குன்றுகளில் பிறந்து, புதுக்கோட்டை மாவட்டத்தைக் குறுக்கே கடந்து, புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே திருமயம் சாலையை வெட்டிச் சென்று, ஆவுடையார்கோயில் பகுதியைத் தொட்டு, மணமேல்குடிக்கு அருகில் வங்கக் கடலில் சேர்கிறது. இதன் வடபகுதி கோனாடு, தென்பகுதி கானாடு என வழங்கப்பட்டன. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இவ்வாறே எல்லை என்பது பழைய மரபு. இரு பேரரசுகளைப் பிரித்த பெருமை பெற்ற இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணற்பாதையாகவே கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்தால் சில நாட்கள் செந்நீர் பெருகும். மழை விட்டதும் மெல்ல வடிந்துவிடும்.

அரபு மொழியில் இத்தகைய ஆற்றுக்கு இடர்ப்பாடின்றிச் சொல் கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடுவது ‘நஹ்ர்’. மழையின்போது வெள்ளம் பாயும் பள்ளமும், அவ்வெள்ளம் ஓடும் தடமும் ‘வாதி’. நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வாதிதான். தமிழில் இரண்டையும் ஆறு என்றே சொல்லிவிடுவதால், நீரற்ற வெள்ளாற்றைக் கண்டதும் ஆறு செத்துவிட்டது என்று நாம் வருந்துகிறோம். உண்மையில் நைல், யூப்ரட்டீஸ் ஆகியவற்றோடு வைத்து எண்ண வேண்டிய ஆறன்று வெள்ளாறு. ஹிஜாஸின் வாதிகளோடு வைத்து எண்ண வேண்டியது. இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைப் பின்னர் காண்போம்.

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் சாலையில் உள்ளது சித்தன்னவாசல். சமவெளியிலிருந்து திடுமென எழும் ஒரு நீண்ட மொட்டைப் பாறைக்குன்று, வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. உயரம் பெரிதன்று, இரு நூறு அடி அளவினதே. மலை என்று சொல்லத் தயக்கம் வரும். எனினும் இவ்வூரின் நிலவியல் முழுவதும் அப்பாறையிலிருந்தே தொடங்குகிறது.

மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும் கடினப் பாறைத் தளம்; கிழக்கே செல்லச் செல்லச் செம்புறாங்கல்லும், பின்னர் கடலோர வண்டலும் காணப்படும். கடினப் பாறை மழைநீரை உள்ளே வாங்காது. வெடிப்புகளிலும், மேற்புறம் சிதைந்து மண்ணாகிப்போன அடுக்கிலும் தங்கும் நீரே நிலத்தடி நீர், அதுவும் சிறிதளவே. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதன் பெரும்பங்கு சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பாறை மேல் விழுந்த நீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஊற்றைத் தேடுபவனுக்கு இது வறண்ட நிலம். ஓடும் நீரை மறிக்கத் தெரிந்தவனுக்கோ இப்பாறை ஓர் ஓட்டுக் கூரை போன்றது. கூரையிலிருந்து வடியும் நீருக்குக் கீழே பாத்திரம் வைத்தாற் போதும்.

அப்பாத்திரங்களுள் முதலாவது பாறையிலேயே உள்ளது. குன்றின் கிழக்குச் சரிவில் நவச்சுனை எனப்படும் சிறு சுனை இருக்கிறது. அதனுள்ளே பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்று நீரில் மூழ்கிக் கிடக்கிறது. நீரை இறைத்தாலன்றி அது கண்ணுக்குப் புலப்படாது. குன்றின் மேற்பகுதியில் கிழக்கு நோக்கிய இயற்கைக் குகை ஒன்று உண்டு. ஏழடிப்பட்டம் என்பது அதன் பெயர். உள்ளே சமணத் துறவியர் படுத்துறங்கப் பாறையில் வழுவழுப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள். ஒரு படுக்கையின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் கல்வெட்டு உள்ளது. அது கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. குன்றைச் சுற்றியுள்ள சரளை மேட்டு நிலத்தில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன. வாழ்ந்தோர் தம் இறந்தோரை உழவுக்கு உதவாத மேட்டில் அடக்கியுள்ளனர் என்பதைக் கருத வேண்டும். எது வயல், எது தரிசு என்னும் பாகுபாடு எழுத்துக்கு முன்பே இங்கே நிலைபெற்றுவிட்டது.

துறவியர் குகையில் வாழ்ந்தனர் என்றால் அவர்களுக்கு உணவளித்தோர் அருகே இருந்திருக்க வேண்டும். பதினேழு படுக்கை என்பது, உபரி விளைவிக்கும் ஊர்கள் கீழே இருந்தன என்பதற்குச் சான்று. எட்டாம் நூற்றாண்டில் முத்தரையர் மன்னனின் போர்க்களங்களுள் ஒன்றாக அண்ணல்வாயில் என்னும் பெயரைச் செந்தலைத் தூண் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அது இன்றைய அன்னவாசலே என்பர். படைகள் மோதிக்கொள்ளும் அளவுக்கு இம்மேட்டு நிலம் விலை பெற்றிருந்தது.

இனி அந்தப் புகழ்பெற்ற ஓவியம். குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அவனிபசேகரன் என்னும் பட்டம் பெற்ற பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகிறது. விதானத்தில் தீட்டப்பட்டிருப்பது ஒரு நீர்நிலை. தாமரை இலைகளும் மொட்டுகளும் மலர்களும் மண்டிக் கிடக்கின்றன. இடையிடையே மீன்கள், நீர்ப்பறவைகள், எருமைகள், யானைகள். பூப்பறிக்கும் ஆடவரும் உள்ளனர். சமண சமயக் கொள்கைப்படி இது தீர்த்தங்கரரின் சமவசரணத்தைச் சார்ந்த பொய்கை என்று அறிஞர் விளக்குவர். அவ்விளக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதை வரைந்த ஓவியன் தன் கண்ணால் கண்ட ஒரு குளத்தையன்றி வேறெதைக் கொண்டு வரைந்திருக்க முடியும்? எருமை கழுத்தளவு நீரில் கிடக்கும் சுகத்தை நூலில் படித்து எவரும் தீட்டிவிட முடியாது. ஓடும் ஆற்றை அவன் வரையவில்லை. தேங்கி நிற்கும் நீரையே வரைந்தான். இந்நிலப்பரப்பில் செழிப்பு என்பது தேங்கிய நீரே என்பதை அறிந்தவன் அவன் என்று நாம் கருதுகிறோம்.

அத்தேங்கிய நீர்தான் கண்மாய். புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் ஐயாயிரம் நீர்நிலைகள் உள்ளன என்பர். நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. ஆகவே சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை போட்டால், மேலிருந்து வரும் நீர் அதன் மடியில் தங்கும். இவ்வளவே கண்மாயின் இலக்கணம். ஆனால் அக்கரை ஒன்று எழுந்ததும் ஊரின் மற்றெல்லா இடங்களும் தாமாகவே வகுக்கப்பட்டுவிடுகின்றன. கரைக்கு மேலே பாறையும் தரிசும். அதுவே மேய்ச்சல் நிலமும் விறகுக்காடும். கரைக்குக் கீழே நெல் விளையும் நன்செய். கரையின் ஒரு கோடியில், வெள்ளம் ஏறாத மேட்டில் குடியிருப்பு. குடிநீருக்கு ஊருணி தனியே. அதில் மாடு இறங்கலாகாது. புன்செய்யில் வரகு, கேழ்வரகு, பின்னாளில் நிலக்கடலை. பழைய நிலக்கொடைக் கல்வெட்டுகளில் உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் அடங்க நிலம் வழங்கியதாகச் சொல்லும் மரபு உண்டு. உடும்பு ஓடுவது வறண்ட மேடு. ஆமை தவழ்வது ஈரத் தாழ்வு. ஓர் ஊரின் நிலப்படத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் வரைந்துவிட முடியாது.

கண்மாயின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்று விலகி, இரு கல்தூண்கள் நீருக்குள் நிற்பதைப் பயணம் செய்வோர் பலரும் கண்டிருப்பர். குறுக்கே கற்சட்டங்கள் இணைத்திருக்கும். பாழடைந்த மண்டபத்தின் எச்சம் என்று சிலர் எண்ணுவதும் உண்டு. அது குமிழித்தூம்பு. தூண்களின் அடியில் ஏரித்தரையில் ஒரு கல்தொட்டி புதைந்திருக்கும். தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை. அது நீரோடித் துளை. தொட்டியின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள். அவை சேறோடித் துளைகள். மேல்துளையின் அடைப்பைத் தூக்கியதும் நீர் உள்ளே பாயும். அப்பாய்ச்சலின் விசையால் அடித்துளைகள் வழியே சேறும் இழுக்கப்பட்டு, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக வயலுக்குப் போய்விடும். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர் குறைவு. ஒரே அடைப்பைத் தூக்கி இரு பணிகளை முடித்துள்ளனர். இத்தூண்கள் பலவற்றில் தூம்பு அமைத்தவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கோயில் கல்வெட்டை நாடிச் செல்லும் நம் ஆய்வாளர்கள், நீருக்குள் நிற்கும் இக்கல்வெட்டுகளைத் தேடிக் கோடையில் ஒரு நடை போய்வந்தால் நன்று.

எனினும் கண்மாயின் உயிர்நிலை தூம்பில் இல்லை. வரத்துவாரியிலும் கலிங்கிலும் உள்ளது. மேட்டிலிருந்து நீரைக் கொணரும் ஓடை வரத்துவாரி. நிறைந்தபின் மிகுநீரை வெளியேற்றும் கல்கட்டு கலிங்கு. ஓர் ஊரின் கலிங்கில் வழியும் நீரே அடுத்த ஊரின் வரத்துவாரியில் ஓடும் நீர். இவ்வாறு ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்மாய்கள் கோக்கப்பட்டுள்ளன. மேலே உள்ளது நிறைந்தாலன்றிக் கீழே உள்ளதற்குப் பங்கில்லை. எல்லாம் நிறைந்தபின் எஞ்சுவதே வெள்ளாற்றுக்கு. ஆற்றிலிருந்து ஊருக்கு நீர் வருவது காவிரிப் படுகையின் முறை. இங்கே ஊர்களிலிருந்து ஆற்றுக்கு நீர் போகிறது. வெள்ளாறு இரு கரையும் புரண்டது என்றால், மேலேயுள்ள கண்மாய்கள் ஏறக்குறைய எல்லாமே கலிங்கு பாய்ந்துவிட்டன என்று பொருள்.

இத்தகைய கோவையில் மேலூருக்கும் கீழூருக்கும் பூசல் எழாமல் இராது. கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றினிடையே மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்தால் ஓரிரு அடி நீரைக் கூடுதலாகத் தேக்கலாம். எப்போது அடைக்கலாம், எவ்வளவு உயரம் அடைக்கலாம் என்பதே பூசலின் கரு. ஓர் அடி மண் கூடினால் கீழூரில் ஒரு போகம் போய்விடும். மேலூரில் மேட்டு வயல் நீரில் மூழ்கவும் கூடும்.

நாம் மதரஸாவில் படித்த காலத்தில் பாடமாக ஓதிய சில செய்திகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. மதீனாவில் மஹ்ஸூர், முதைனிப் என்னும் இரு வாதிகள். மழை பெய்தால் மட்டுமே அவற்றில் வெள்ளம் வரும். மேலே நிலமுடையவர் கணுக்காலளவு நீர் நிற்கும்வரை தேக்கிக்கொண்டு, பின்னர் கீழே உள்ளவருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் தமது ‘முவத்தா’வில் பதிவு செய்துள்ளார். ஹர்ரா பகுதியின் வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் எழுந்த வழக்கு புகாரியில் உள்ளது. அதில் அண்ணலார் முதலில் சொன்னது, அளவோடு பாய்ச்சிவிட்டு அண்டை நிலத்துக்கு நீரை விட்டுவிடுமாறு. கீழ்நிலத்துக்காரர் அதை ஒருதலைச் சார்பு எனக் குறை கூறியபோதுதான், மேல்நிலத்துக்குரிய முழு உரிமையையும் ஸுபைர் எடுத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். முன்னது இணக்கம், பின்னது சட்டம் என்று விரிவுரையாளர் பிரித்துக் காட்டுவர். அக்காலத்தில் கணுக்காலளவு என்பதை மனனம் செய்தோமே அன்றி, அது என்ன என்று கண்டதில்லை. கலிங்கின் குத்துக்கல்லைக் கண்டபோதுதான் விளங்கிற்று. ஓடும் ஆற்றுக்கு இத்தகைய அளவு பெரிதும் தேவைப்படாது. வந்து போகும் வெள்ளத்துக்குத்தான் தேவை. வாதியின் சட்டம் வேறு, நஹ்ரின் சட்டம் வேறு என்பது இதுதான்.

மற்றொரு வழக்கு இதைவிட நெருக்கமானது. ளஹ்ஹாக் இப்னு கலீஃபா என்பார் தம் நிலத்துக்கு வாய்க்கால் கொண்டுவர விரும்பினார். வழியில் முஹம்மத் இப்னு மஸ்லமாவின் நிலம். அவர் மறுத்துவிட்டார். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வழக்குச் சென்றது. உனக்கும் அதனால் பயனே, தீங்கில்லை என்று உமர் எடுத்துரைத்தும் அவர் இசையவில்லை. உம் வயிற்றின் மீதாயினும் அது சென்றே தீரும் என்னும் கருத்தில் கடுமையாகக் கூறி, வாய்க்காலை வெட்டச் செய்தார்கள். இத்தீர்ப்பைப் பொது விதியாகக் கொள்வதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நீர் செல்லும் தடத்துக்கென ‘ஹக்குல் மஜ்ரா’ என்று ஒரு தனி உரிமையையே நம் சட்ட நூல்கள் வகுத்துள்ளன. நிலம் ஒருவருடையது, அதன் மேல் செல்லும் தடம் இன்னொருவருடையது. ஸ்பெயினின் வலென்சியா நகரில், அந்தலூஸிய முஸ்லிம்கள் வெட்டிய வாய்க்கால்களைப் பயன்படுத்தும் உழவர்களின் நீர்மன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் கூடி இத்தகைய வழக்குகளை வாய்மொழியாகவே தீர்க்கிறது. 2009இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது.

நம் பகுதியில் இன்று அழிந்துகொண்டிருப்பது இந்த மஜ்ராதான். கண்மாய் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதைத் தூர்வார நிதி ஒதுக்கப்படுகிறது. 2017இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரை அரசு மீட்டெடுத்தபோதும் பணிகளில் பெரும்பாலும் கண்ணில் பட்டது கரையும் மதகும்தான். வரத்துவாரியோ பல கிலோமீட்டர் தொலைவுக்கு மெலிந்து செல்லும் ஒரு பள்ளம். மழையில்லாக் காலத்தில் அது ஓடை என்றே தெரியாது. ஒருவர் வரப்பை ஒரு முழம் தள்ளி வைப்பார். ஒருவர் மனைப்பிரிவு போடுவார். சாலை போடுவோர் மூன்றடிக் குழாயொன்றைப் பதித்துவிட்டுப் போவர். மேட்டு நிலங்களில் பல பத்தாண்டுகளாகத் தைலமரக் காடுகள் வளர்க்கப்படுகின்றன. அங்கு மழைநீரை நிறுத்த வெட்டப்படும் குழிகளும் வரப்புகளும் கண்மாய்களுக்கு வரும் நீரை மறித்துவிடுகின்றன என்பது மாவட்ட உழவர்களின் நெடுநாளைய முறையீடு. சீமைக் கருவேலம் கண்மாய்க்குள்ளேயே குடியேறிவிட்டது. பாறையோ கல்லுக்காக உடைக்கப்படுகிறது; அதாவது கூரையையே பிரிக்கிறோம். இவற்றையெல்லாம் ஆழ்துளைக் கிணறு சிறிது காலம் மறைத்துவிட்டது. பாறை வெடிப்பில் உள்ள நீர் எத்தனை நாளைக்கு?

இதனிடையே, 2021 பிப்ரவரி 21இல் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு வரையிலான 118.45 கிலோமீட்டர் அதன் முதற்கட்டம். காவிரியின் மிகுவெள்ளம் வெள்ளாற்றுக்கு வருமாயின் நாம் மகிழ்வோம். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். கால்வாய் வடக்கிலிருந்து தெற்கே வருவது. வரத்துவாரிகள் மேற்கிலிருந்து கிழக்கே செல்பவை. ஒவ்வொரு வாரியையும் கால்வாய் குறுக்கே வெட்டும். வெட்டும் இடந்தோறும் வாரிக்குக் கீழ்வழியோ மேல்வழியோ விடப்பட்டால், கண்மாய்களுக்கு இரட்டை வரவு. விடுபட்டுப்போன இடத்தில், எப்போதாவது வரக்கூடிய காவிரிக்காக ஆண்டுதோறும் வந்த மழைநீரை இழக்க நேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் நம் மாணவர் சிலருடன் சித்தன்னவாசல் சென்று திரும்புகையில், அன்னவாசலுக்கு அப்பால் ஓர் ஊரில் அஸர் தொழுகைக்காக வண்டியை நிறுத்தினோம். நல்ல மழை பெய்திருந்தது. கண்மாயில் பாதியளவே நீர். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரிடம், கலிங்கு பாய்ந்து எத்தனை ஆண்டாயிற்று என்று கேட்டோம். “கஜா புயலுக்கு முன்னால பாஞ்சது பாய்” என்றார். அப்புயல் 2018 நவம்பர் 16இல் அடித்தது. மழை குறைந்துவிட்டதா என்று வினவினோம். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. மேற்கே கையை நீட்டி, புதிதாக மேடாக்கப்பட்டிருந்த ஒரு மனைப்பிரிவையும், அதன் மறுபுறம் போக வழியின்றித் தேங்கி நின்ற செந்நீரையும் காட்டினார்.